சிறு வணிக இடங்களுக்கான சுகாதார உரிமம் (புதுக்கோட்டை மாவட்டம்)

சிறு வணிக இடங்களுக்கான சுகாதார உரிமம் என்பது தேநீர்க் கடை, உணவு விடுதி, இறைச்சிக் கடை, மாவு அரைவை நிலையம், முடிதிருத்தகம் போன்ற தொழில்கள் நடைபெறும் இடம் மக்களின் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அரசு அமைப்புகள் வழங்கும் அனுமதி ஆகும். தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே புதுக்கோட்டை மாவட்டத்திலும் இவ்வனுமதி ஒரே சட்டத்தின் கீழ் அமைவதில்லை. கடை அமைந்துள்ள இடத்துக்கு உள்ளாட்சி அமைப்பு வழங்குவது தொழில் உரிமம். உணவுப் பொருள் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பெறுவது பதிவு அல்லது உரிமம். முன்னது இடத்தைப் பற்றியது, பின்னது உணவைப் பற்றியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஒன்றைப் பெற்றவர் மற்றதும் பெற்றுவிட்டதாக எண்ணிக்கொள்வதே இத்துறையில் பரவலாகக் காணப்படும் குழப்பமாகும்.

வரலாறு

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த சமத்தானம் ஆகும். நகரத் துப்புரவு இங்குத் தனி வழியில் வளர்ந்தது. 1878 முதல் 1894 வரை நிருவாகத்தை நடத்திய சேசையா சாத்திரி காலத்தில் புதுக்குளம், பல்லவன்குளம் ஆகியவை சீரமைக்கப்பட்டன. 1912இல் புதுக்கோட்டை நகராட்சி ஏற்படுத்தப்பட்டது.

இதே காலத்தில், சூழ்ந்திருந்த சென்னை மாகாணத்தில் வேறு சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் தொழில் இடங்களுக்கு உரிம முறையை வகுத்தது. இராசாசி அமைச்சரவையில் சுகாதாரத்துறை அமைச்சராக இருந்தவர் தி. சே. சௌ. இராசன். திருச்சிராப்பள்ளியில் மருத்துவத் தொழில் செய்தவரான இவர் காலத்தில் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், தங்கும் விடுதிகள், உணவுக் கட்டுப்பாடு, திருவிழாக்கள் என அனைத்தையும் ஒரே சட்டத்தில் கொண்டுவந்த இது, இந்திய மாகாணங்களில் இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. எனினும் சமத்தான எல்லைக்குள் இச்சட்டம் செல்லவில்லை. இணைப்புக்குப் பின்னர், இணைந்த சமத்தானங்களுக்காக 1949இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகவே சென்னை மாகாணச் சட்டங்கள் புதுக்கோட்டைக்கு விரிவாக்கப்பட்டன. அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டிருந்த இப்பகுதி 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமானது.

இடத்துக்கான உரிமம்

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 249ஆம் பிரிவு, மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடைமைக்கோ தீங்கு தரக்கூடிய தொழில்களை நகராட்சியின் உரிமமின்றி நடத்துவதைத் தடை செய்தது. இவை 'அபாயகரமான மற்றும் அருவருக்கத்தக்க தொழில்கள்' எனப்பட்டன. வணிகர்களிடையே இவ்வுரிமம் இன்றும் 'டி அண்ட் ஓ' என்றே வழங்குகிறது. நெல் அவித்தல், சுண்ணாம்பு நீற்றுதல், தோல் பதனிடுதல், வைக்கோல் சேமித்தல் போன்றவை அப்பட்டியலில் இருந்தன. புகை, நாற்றம், தீ ஆகிய மூன்றையுமே இப்பட்டியல் முதன்மையாகக் கருதியது எனலாம். பக்கத்து வீட்டுக்காரரின் நலன் இதன் மையம். வாங்கி உண்பவரின் நலன் பிற்காலத்தில்தான் தனித்துறையாக வளர்ந்தது.

நகர்ப்புறங்களில் இச்சட்டத்தின் இடத்தை 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பெற்றுள்ளது. நீண்ட காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அச்சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. புதுக்கோட்டை நகராட்சி 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. அறந்தாங்கி போன்ற நகராட்சிப் பகுதிகளிலும் பேரூராட்சிகளிலும் அந்தந்த அலுவலகமே உரிமம் வழங்கும். சிற்றூர்களில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் 159ஆம் பிரிவு இதே நோக்கத்தை நிறைவு செய்கிறது.

உணவுக்கான பதிவு

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் நீக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் உரிம முறை 2011 ஆகத்து 5 முதல் செயற்பாட்டுக்கு வந்தது. ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சம் உரூபாவுக்கு மேற்படாத சிறு வணிகர் பதிவு மட்டும் செய்தால் போதும் என்றும், அதற்கான கட்டணம் ஆண்டுக்கு 100 உரூபா என்றும் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வகுத்தன. பதிவு பெற்றவருக்கு 14 இலக்க எண் வழங்கப்படும். 2022 சனவரி முதல் இவ்வெண்ணை விலைச்சீட்டிலும் அச்சிட வேண்டும்.

சிறு உணவு வணிகர் என்னும் வரையறை பலர் எண்ணுவதை விட அகலமானது. தள்ளுவண்டிக்காரர், தெருத்தெருவாகச் சென்று விற்பவர், தற்காலிகக் கடை வைப்பவர் ஆகியோர் இதில் அடங்குவர். எனவே நார்த்தாமலை மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்காக மட்டும் போடப்படும் பலகாரக் கடையும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே. சமய, சமூகக் கூட்டங்களில் உணவு வழங்குவோரையும் அவ்வரையறை குறிப்பிடுவதால் அன்னதானமும் விலக்கன்று.

துப்புரவுத் தேவைகள்

கடையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மேற்கூறிய ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை கூறுகிறது. அதன் முதற்பகுதி சிறு வணிகர்களுக்கானது. தரையும் சுவரும் கழுவுவதற்கு ஏற்ற வழவழப்புடன், வண்ணப்பூச்சு உதிராமல் இருக்க வேண்டும். வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும். கழிவுநீர் தேங்காமல் வெளியேற வேண்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்க வேண்டும். வணிக நேரத்தில் பூச்சி மருந்து தெளிக்கக் கூடாது.

பாத்திரங்கள் பற்றிய விதி தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்கு நன்கு பொருந்துவதாகும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்பூச்சு இருத்தல் வேண்டும் என்கிறது அவ்விதி. புளி, தக்காளி, மோர் முதலிய புளிப்புப் பொருள்கள் செம்பைக் கரைத்து உணவில் கலக்கச் செய்யும் என்பதே காரணம். வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் வழக்கம் இவ்விதிக்கு மிகவும் முந்தியது. இங்கு ஈயம் என்பது வெள்ளீயம். நச்சுத்தன்மை கொண்ட காரீயம் அன்று.

தண்ணீர் பற்றிய விதி எளிமையாகத் தோன்றினாலும் வறண்ட இம்மாவட்டத்தில் நிறைவேற்றக் கடினமானது. தொடர்ச்சியான குடிநீர் வழங்கல் வேண்டும். விட்டுவிட்டு வருமாயின் போதிய சேமிப்பு வசதி வேண்டும். ஆகவே கடையில் உள்ள தொட்டியின் தூய்மையே நடைமுறையில் அக்கடையின் தூய்மையை முடிவு செய்கிறது.

பணியாளர்கள் தொற்றுநோய் இன்றி இருத்தல், நகம் வெட்டியிருத்தல், கழிப்பிடம் சென்றபின் சோப்பால் கை கழுவுதல், காயத்தை மூடி வைத்தல் ஆகியவையும் கூறப்பட்டுள்ளன. பின்னர் வேறு சில கட்டுப்பாடுகள் சேர்ந்தன. மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்துவது 2018 சூலை முதல் தடை செய்யப்பட்டது. ஒரே எண்ணெயில் மீண்டும் மீண்டும் வடை சுடும் கடைகளை இது நேரடியாகத் தொடுகிறது. செய்தித்தாளில் பலகாரம் மடித்துக் கொடுப்பதை 2018ஆம் ஆண்டுப் பொதிகட்டல் ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக் குவளைகளும் தாள்களும் 2019 சனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை செய்யப்பட்டன.

ஆய்வு

உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையை ஆய்வு செய்வார். அவருக்கு மேல் மாவட்ட நியமன அலுவலர் உள்ளார். குறை காணப்பட்டால் உடனே கடையை மூடுவது வழக்கமான முறை அன்று. சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி மேம்பாட்டு அறிவிப்பு வழங்கி, குறைகளைக் களைய 14 நாள்களுக்குக் குறையாத கால அளவு தரவேண்டும். அதற்குப் பிறகும் திருத்தாவிடில் உரிமத்தை இடைநிறுத்தலாம். அறிவிப்பை ஏற்காத வணிகர் 15 நாள்களுக்குள் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். துப்புரவற்ற முறையில் உணவு தயாரித்தால் 56ஆம் பிரிவு ஓர் இலட்சம் உரூபா வரை தண்டம் விதிக்க வழி செய்கிறது. இதனை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து முடிவு செய்வார்.

துப்புரவு விதிகளுக்கு வெளியே

2022 திசம்பரில் இம்மாவட்டத்தின் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் பயன்படுத்திய மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருப்பது தெரியவந்தது. அதையொட்டி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்குச் சென்றபோது, அருகில் உள்ள இறையூரில் ஒரு தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பது கண்டறியப்பட்டு வழக்குப் பதியப்பட்டது. நான்காம் அட்டவணையின் நோக்கில் இரு குவளைகளும் நன்கு கழுவப்பட்டிருந்தால் குறை ஏதும் இல்லை. அச்செயல் குற்றமாவது வேறு சட்டங்களின் கீழ் ஆகும். கடை, உணவு விடுதி ஆகியவற்றில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. பொருள் விற்கவோ சேவை அளிக்கவோ மறுத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் தம் தொழிலுக்கு உரிமம் பெற்றிருந்தால், அதனை இரத்து செய்யவோ இடைநிறுத்தவோ நீதிமன்றம் ஆணையிடலாம் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது.