பூ இல்லாத மாலை

ஒக்டோபர் வந்தால் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில பின்னேரம் செபமாலை சொல்லுகிற சத்தம் கேட்கும். எங்களில பாதிப்பேர் அதைச் சொல்லி வளர்ந்தவர்கள், மிச்சப்பேர் பக்கத்து வீட்டில இருந்து கேட்டு வளர்ந்தவர்கள். கையில இருப்பது மணிகள். பேருக்கும் ஒரு பூ இல்லை. பிறகேன் அது மாலை?

இது எங்கட மொழியில மட்டும் நடந்த விசயம் இல்லை. போர்த்துக்கேயரின் 'றொசாரியோ', லத்தீனில றோசாத் தோட்டத்தைக் குறிக்கிற சொல்லில இருந்து வந்தது. (எங்கட வகுப்புகளில இருந்த றொசைரோக்களின் பெயரும் அதுதான்.) ஒவ்வொரு செபமும் மரியாளுக்குச் சூட்டுகிற ஒரு றோசா என்ற நினைப்பு. ஜேர்மன்காரர் இன்றைக்கும் செபமாலையை 'றோசன்கிறான்ஸ்', றோசா வளையம் என்றுதான் சொல்லுகினம். ஆங்கிலத்தில கதை மறுவளம். மணியைக் குறிக்கிற 'பீட்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில செபம் என்று பொருள். 150 சங்கீதங்களை வாசிக்கத் தெரியாத சனம் அதுக்குப் பதிலாக 150 செபம் சொன்னது. எண்ணிக்கை பிசகாமல் இருக்க மணி உருட்டினார்கள். வாயில இருந்த பெயர் விரலுக்கு வந்துவிட்டது.

தமிழில பூவுக்கே தனித்தனிப் பெயர்கள் இருந்தன. சங்கப் பாட்டுகளில தலையில சூடுவது கண்ணி, மார்பில கிடப்பது தார். மாலை என்ற சொல்லோ பூவோடு நிற்கவில்லை. முத்துமாலை, 108 மணி உருத்திராட்ச மாலை என்று போய், கோத்தது எதுவும் மாலை என்றாகி, கடைசியில புலவர்களின் கைக்கும் வந்தது. முஸ்லிம் புலவர்கள் பாடினது மிஃராஜ் மாலை. எங்கட வரலாற்று நூலுக்கும் யாழ்ப்பாண வைபவமாலை என்றுதான் பெயர்.

அந்தப் பெயரில கொஞ்சம் நின்றுதான் போகவேணும். 18ஆம் நூற்றாண்டில மாதகல் மயில்வாகனப் புலவர், மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டு எழுதியது அது. பாட்டுக்கூட இல்லை, வசனம். கைலாயமாலை, வையாபாடல் போன்ற பழைய நூல்களில இருந்து எடுத்துத் தொடுத்தது. மாலையில இருந்து இன்னொரு மாலை! தொடுக்கிறவர் எல்லாப் பூவையும் எடுப்பதில்லை. அரசர்களின் பெயர் வருகுது. தமிழகத்தில இருந்து வந்து குடியேறின பெரிய குடிகளின் தலைவர்கள், இன்னார் இன்ன ஊரில என்று வரிசையாக வருகினம். அவர்களின் வயலை உழுதவர்களின் பெயர்கள் அதில கோக்கப்படவில்லை. பள்ளிக்கூடத்தில வைபவமாலை என்ற பெயரைப் பாடமாக்கினோம், இதைக் கேட்கவில்லை.

அந்தச் சனத்தின்ட பெயர்களைத் தேடுகிறவர் ஒல்லாந்தரின் தலைத்தோம்புகளில இருந்து தொடங்கலாம். வரியும் ஊழியமும் வாங்க எழுதின பட்டியல்கள் அவை.