கீழ்ப்பிரிவிலிருந்து வந்த கோல்வீரர்

ஸ்பெயின் என்றதும் பொருநைக் கரையில் வாழும் நமக்கு முதலில் நினைவில் எழுபவர் நவார் மண்ணில் பிறந்து, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரே. பாளையங்கோட்டையில் கல்லூரியும் பள்ளியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அதே நாட்டிலிருந்து 2018இல் முற்றிலும் வேறொரு காரியமாகத் தமிழகம் வந்த ஒருவரைப் பற்றி ஈண்டு எழுத விழைகிறோம். அவர் கொண்டுவந்தது கால்பந்து ஆடும் கால்களை மட்டுமே. இருவரையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஸ்பெயின் என்னும் பெயர் இழுத்து வந்த நினைவு, அவ்வளவே.

அவர் பெயர் பெட்ரோ மான்சி. 1988 அக்டோபர் 13 அன்று உருகுவே நாட்டின் மோண்டெவிடியோ நகரில் பிறந்தவர். எனினும் அவருடைய ஆட்ட வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில். கீழ்ப்பிரிவு என்றால் என்ன என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மாட்ரிட், பார்சலோனா அணிகள் ஆடும் முதற்பிரிவில் 20 அணிகள். அதன் கீழே 22 அணிகள் கொண்ட இரண்டாம் பிரிவு. அதற்கும் கீழே, 2020 வரை, நான்கு குழுக்களாக 80 அணிகள் ஆடின. அதனடியில் பதினெட்டுக் குழுக்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊரணிகள். அடித்தட்டில் ஆடுவோர் பலர் பகலில் வேறு பிழைப்புப் பார்த்து மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கே. அடுத்த ஆண்டு எந்த ஊர், எந்தச் சட்டை என்பது கோடையில்தான் தெரியும். கோல் அடிப்பவனுக்கு இன்னும் கடினம். பின்களத்தில் நிற்பவனின் உழைப்பைக் கண்ணால் கண்டு மெச்சலாம். முன்களத்தில் நிற்பவனை எண்ணிக்கை ஒன்றைக் கொண்டே அளப்பார்கள்.

ஆயினும் அந்த ஏணியில் ஒரு நியாயம் உண்டு. வென்ற அணி மேலே செல்லும், தோற்ற அணி கீழே இறங்கும். எவ்வளவு சிறிய ஊரானாலும் முதற்பிரிவுக்கான வழி அடைபட்டதில்லை. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம், பின்னர் தேவைப்படும்.

சென்னை சிட்டி அணி பெயரில்தான் சென்னை. ஆடியதோ கோயம்புத்தூர் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில். 2017-18 பருவத்தில் ஐ லீக் பட்டியலின் கீழ்ப்பாதியில் தவித்த அணி அது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்றுநர் அக்பர் நவாஸ் அதனை மாற்றியமைத்தார். நீண்ட பந்தைத் தூக்கியடித்து ஓடும் ஆட்டத்தை விடுத்து, தரையோடு பந்தைக் கைமாற்றும் ஆட்டத்தைப் புகுத்தினார். அதற்கெனவே நெஸ்டர் கோர்டில்யோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ரொபெர்த்தோ எஸ்லாவா ஆகிய ஸ்பானியர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களோடு வந்தவரே மான்சி.

முப்பது வயது நிறைந்து இரு வாரங்கள் கழியுமுன் அவர் கோவையில் முதல் ஆட்டத்தில் இறங்கினார். இந்தியன் ஆரோஸ் அணிக்கெதிரான அந்த ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். பருவம் முடிகையில் கணக்கு 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம். எதிரணி முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. அதே வேளையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியோடு பொருதிக்கொண்டிருந்தது. கோவை அணி தவறினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை அடிக்க முன்வந்தவர் மான்சி. ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் ஒரே உதையில் தொங்கும் தருணம் அது. அவர் தவறவில்லை. பின்னர் தற்காப்பு வீரர் கௌரவ் போரா இரு கோல்கள் போட, ஆட்டம் 3-1 என முடிந்தது. ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆயினும் 43க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழகம் வந்தது. ஐ லீக் பட்டத்தைத் தமிழக அணியொன்று வென்றது அதுவே முதன்முறை.

அவ்வணியில் நம் பிள்ளைகளும் இருந்தனர். எட்வின் சிட்னி வன்ஸ்பால் அவர்களுள் ஒருவர். குமரிக் கரையில் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் ரெஜின் மற்றொருவர். அவருடைய சகோதரர் மைக்கேல் சூசைராஜ் 2017-18இல் இதே அணிக்காக ஆடி லீகின் சிறந்த நடுக்கள வீரராகத் தெரிவு செய்யப்பட்டவர். ஜாம்ஷெட்பூர் அழைக்கவே சென்றுவிட்டார். ஓராண்டு பொறுத்திருந்தால் கோப்பையைத் தொட்டிருப்பார் என்று நாம் வருந்தியதுண்டு. ஆனால் உழைப்பவன் நல்ல கூலி கிடைக்கும் இடம் செல்வதைக் குறை கூற நமக்கு உரிமை ஏது?

முன்னர்ச் சொன்ன ஏணிக்கு வருவோம். சாம்பியனான சென்னை சிட்டி மேலே செல்ல ஏணி இல்லை. இந்தியாவில் அப்போது இரு லீகுகள்; ஐ.எஸ்.எல். தன் கதவைத் திறக்கவில்லை. 2019 சூப்பர் கோப்பையில், அவ்வாண்டு ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற பெங்களூரு அணியையே சென்னை சிட்டி 2-1 என வீழ்த்திக் காட்டியது. பயனில்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு ஐ.எஸ்.எல்.-ஐ நாட்டின் தலைமை லீகாக ஏற்க, கோவையில் ஆடியவர்கள் ஒரு கோலும் வாங்காமலே இரண்டாம் படிக்கு இறங்கினர். ஐ லீகில் வென்று மேலே சென்ற முதல் அணி 2023இல்தான் வந்தது. அது, பெயர் மாறியிருந்த அதே பஞ்சாப் அணி! மார்ச் 9 அன்று கோவையில் தோற்றுத் திரும்பிய அணிக்குக் கிடைத்தது, வென்ற அணிக்குக் கிடைக்கவில்லை. ஸ்பெயினின் நான்காம் பிரிவு ஊரணிக்கு இருந்த வழி நம் சாம்பியனுக்கு இல்லாமற்போனதே நம்மை இன்றும் உறுத்துவது.

மான்சி 2020இல் ஜப்பானின் இரண்டாம் பிரிவிலிருந்த அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குச் சென்றார். பின்னர் இந்தியா திரும்பி, 2022இல் ராஜஸ்தான் யுனைடெட் சட்டையில் மீண்டும் ஐ லீகில் ஆடினார். அப்போது அந்தப் பட்டியலில் சென்னை சிட்டி என்னும் பெயரே இல்லை.