கண் சிமிட்ட இயலாதவருக்கும் வங்கிக் கணக்கு: டிஜிட்டல் அணுகல் உரிமை சொல்வது என்ன?

புதுடெல்லி: வீட்டிலிருந்தபடியே வங்கிக் கணக்கு தொடங்க விரும்புவோர், கைப்பேசி கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும். கேமரா முன் இருப்பது புகைப்படமா, உயிருள்ள மனிதரா என்பதைக் கணினி அறிந்துகொள்வதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அமில வீச்சில் இமைகள் சிதைந்தவர்களால் இதைச் செய்ய இயலாது. இதனால், அடையாள ஆவணங்கள் அனைத்தும் கையில் இருந்தும் அவர்களின் விண்ணப்பங்கள் ஏற்கப்படாமல் போயின.

இந்தச் சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் உள்ளிட்டோர் தாக்கல் செய்த மனுவையும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தாக்கல் செய்த மனுவையும் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு சேர்த்து விசாரித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அமர்வு அறிவித்தது. வாடிக்கையாளரை அறிதல் எனப்படும் கேஒய்சி நடைமுறையை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில் மாற்றியமைக்க 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

ஏன் இது முக்கியம்?

வங்கிக் கணக்கு, சிம் அட்டை, ஓய்வூதியம், காப்பீடு, கல்வி உதவித்தொகை என எதைப் பெறுவதற்கும் இன்று முதல் படி இணையத்தில்தான் தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். இது மொத்த மக்கள்தொகையில் 2.21 சதவீதம். இவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களும் தலா 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடுகளின் வகைகளை 21 ஆக உயர்த்தியது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர்.

தடை எங்கே ஏற்படுகிறது?

பார்வையற்றவர்கள் கணினியையும் கைப்பேசியையும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையுடன் இயக்குகின்றனர். திரையில் உள்ளதை அது குரலாக மாற்றித் தருகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஆகியவை பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால், திரைக்குப் பின்னால் உள்ள நிரலில் எழுதப்பட்டிருப்பதை மட்டுமே திரைவாசிப்பானால் படிக்க முடியும். 'பணம் அனுப்பு' என்ற பொத்தான் வெறும் அம்புக்குறிப் படமாக இருந்து, அதற்குப் பெயர் தரப்படாமல் விடப்பட்டால், பயனருக்குக் கேட்பது 'பொத்தான்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே. ஒரே பக்கத்தில் இப்படிப் பெயரற்ற பத்துப் பொத்தான்கள் இருந்தால், எதை அழுத்துவது என்பது ஊகமாகிவிடும்.

படத்தில் உள்ள எழுத்துகளைக் கண்டறிந்து தட்டச்சு செய்யக் கோரும் கேப்ட்சா சோதனை மற்றொரு தடை. ஒலிவடிவ மாற்று இல்லாத இடங்களில் பார்வையற்றவரின் பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒருமுறைக் கடவுச்சொல்லை உள்ளிடத் தரப்படும் குறுகிய நேரமும், முகத்தை வட்டத்துக்குள் பொருத்துமாறு குரல் வழிகாட்டல் இன்றித் திரையில் மட்டும் தோன்றும் அறிவுறுத்தலும் இதே வகையைச் சேர்ந்தவை.

பிற குறைபாடுகள் உள்ளவர்களின் சிக்கல்கள் வேறானவை. வசன வரிகள் இல்லாத காணொளி, செவித்திறன் குறைந்தவர்களுக்குப் பயன்படாது. புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண்ணை மட்டும் தரும் நிறுவனம், பேச இயலாதவர்களைப் புகாரே இல்லாதவர்களாகக் கருதிவிடுகிறது. தவறாக நிரப்பிய கட்டத்தைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால், நிறக்குருடு உள்ளவர்கள் தவறு எங்கே என்று அறிய முடியாது. கை நடுக்கம் உள்ளவர்களுக்குச் சிறிய பொத்தான்களே பெருந்தடை. சுற்றி வளைத்து எழுதப்பட்ட அறிவிப்புகள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் தடுத்து நிறுத்துகின்றன.

தமிழுக்கு உரிய சிக்கலும் ஒன்று உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும், அச்சிட்டு ஒளிவருடி எடுத்த பிடிஎஃப் சுற்றறிக்கைகளும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கோ அவை பொருளற்ற குறியீடுகள் அல்லது வெறும் படம். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை அதிகாரப்பூர்வ எழுத்துக் குறியீடாக ஏற்றது. இருப்பினும், அறிவிப்பைப் படமாக வெளியிடும் வழக்கம் தொடரும் வரை அதன் பயன் பார்வையற்றவர்களுக்கு முழுமையாகக் கிடைக்காது.

தர அளவுகோல்கள் எவை?

உலகளவில் பின்பற்றப்படுபவை, டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு வகுத்த டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்கள். இவற்றின் முதல் பதிப்பு 1999-இலும், 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வெளியாயின. தகவல் புலன்களுக்கு எட்ட வேண்டும், இயக்கக் கூடியதாக இருக்க வேண்டும், புரிய வேண்டும், பல்வேறு கருவிகளிலும் துணை மென்பொருள்களிலும் பிழையின்றிச் செயல்பட வேண்டும் என்ற நான்கு கொள்கைகளே இவற்றின் அடிப்படை. உதாரணமாக, நடுநிலைத் தரமான 'ஏஏ' நிலையை எட்டுவதற்கு, வழக்கமான அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டன; அவற்றின் 3.0 பதிப்பு 2023-இல் வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17802 என்ற தனித் தரநிலையை வகுத்துள்ளது. 2023-இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் இது சேர்க்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்கு இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஒப்புதல் அளித்தது. அந்த உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, தகவல் தொழில்நுட்பமும் தடையின்றி அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. இதைப் பின்பற்றி இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கத்தை மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் வழங்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறுகிறது. 46-ஆவது பிரிவு, அரசு மற்றும் தனியார் சேவை நிறுவனங்கள் இரண்டுக்குமே பொருந்தும். விதிமீறலுக்கு முதல் முறை 10 ஆயிரம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50 ஆயிரம் முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89-ஆவது பிரிவு வகை செய்கிறது.

சட்டம் கட்டாயம் என்று கூறியதை, விதிகள் பரிந்துரையாகத் தளர்த்தியிருந்தன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, விதி 15 தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த அடித்தளத்தின் மீது எழுந்ததாகும்.

20 உத்தரவுகளில் சில

உயிருள்ளவர் என்பதை உறுதிசெய்யக் கண் சிமிட்டலை மட்டும் சார்ந்திராத மாற்று முறைகளை ஏற்க வேண்டும். கைரேகையை அடையாளமாக ஏற்க வேண்டும். காகித வழிச் சரிபார்ப்பு தொடர்ந்து நடைமுறையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு துறையும் அணுகல் தரத்துக்கென ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். இணையதளங்களையும் செயலிகளையும் தகுதி பெற்ற வல்லுநர்கள் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் தணிக்கை செய்ய வேண்டும். வடிவமைப்பிலும் சோதனையிலும் மாற்றுத்திறனாளிகளை ஈடுபடுத்த வேண்டும். கணினி நிராகரித்த விண்ணப்பத்தை மனிதர் ஒருவர் மறுஆய்வு செய்ய வழி இருக்க வேண்டும்.

புகார் அளிப்பது எப்படி?

சேவை மறுக்கப்பட்டவர்கள் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாக முறையிடலாம். தீர்வு கிடைக்காவிட்டால், மத்திய அரசு சார்ந்த விவகாரங்களுக்கு டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரையும், மாநில அரசு சார்ந்தவற்றுக்கு மாநில ஆணையரையும் அணுகலாம். சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கோருவதிலும் இவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு இணையான அதிகாரம் உண்டு. எந்தப் பக்கத்தில், எந்தப் படிநிலையில், எந்தத் துணை மென்பொருளைப் பயன்படுத்தும்போது தடை ஏற்பட்டது என்பதைத் தேதியுடன் குறிப்பிடுவது புகாருக்கு வலுச் சேர்க்கும்.

தொடக்கத்திலேயே திட்டமிட்டால், பொத்தானுக்குப் பெயர் இடுவதும் காணொளிக்கு வசன வரி சேர்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் பணிகள் அல்ல; கட்டி முடித்த பின் திருத்துவதே கடினம். மூப்பினால் பார்வை மங்கியவர்களும், விபத்தில் கை முறிந்தவர்களும், இரைச்சல் மிகுந்த பேருந்தில் காணொளி பார்ப்பவர்களும் இதே வசதிகளால் பயன் பெறுகின்றனர். ஒரு செயலி அனைவருக்குமானதா என்பதை, அதைக் கண்ணால் காண இயலாத ஒருவர் பிறர் துணையின்றித் தம் வேலையை முடிக்க முடிகிறதா என்பதைக் கொண்டே அறியலாம்.