ஊர்தேடிச் சென்ற உழவுக் கல்லூரி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆண்டுதோறும் பருத்தியே பயிரிட்டமையால் நிலம் வளங்குன்றிற்று. வாரத்துக்கு உழுத கறுப்பின மக்கள் கடனில் மூழ்கினர். கல்லூரிக்குச் சென்று கற்க அவர்களுக்கு ஓய்வேது? ஆதலின் கல்லூரியே அவர்களிடம் சென்றது. 1906இல் தஸ்கீகி கல்வி நிலையத்திலிருந்து, கலப்பையும் விதையும் பாலாடை பிரிக்கும் கருவியும் ஏற்றிய வண்டியொன்று புறப்பட்டது. அதனை வகுத்தவர், அடிமைத்தாயின் மகனாய்ப் பிறந்த ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர். பொருளுதவியவர் நியூயோர்க் வங்கியாளர் மொரிஸ் ஜெசப். வண்டிக்கு இடப்பட்ட பெயரோ பணமீந்தவர் பெயரே!

கௌபிப் பயறும் நிலக்கடலையும் மாற்றிப் பயிரிட்டால் மண் தேறும். இலைச்சருகும் சதுப்புச் சேறும் விலையில்லா உரமாகும். கையிற் காசில்லாதவனுக்கு ஏற்ற பாடம் இதுவன்றோ!

1914இல் ஸ்மித்–லீவர் சட்டம் இத்தகைய பயிற்சிக்கு அரசுப் பணம் ஒதுக்கிற்று. ஆயினும் தென்மாநிலங்களில் அப்பணம் பெரும்பாலும் வெள்ளையர் கல்லூரிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டது. கறுப்பின உழவர்க்குக் கிட்டியது சிறுபங்கே.