யார் இந்த மெண்டோசா? வெள்ள டிசம்பரில் சென்னைக்குக் கோப்பை தந்த கொலம்பியா ஸ்ட்ரைக்கர்!

2015 டிசம்பர். சென்னை வெள்ளத்தில் தத்தளித்த நேரம். ஐ.எஸ்.எல் கால்பந்து அரையிறுதியில், சென்னையில் நடக்க வேண்டிய ஆட்டம் புனேவுக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வீழ்த்தியது சென்னையின் எஃப்.சி அணி. அதில் ஒரு கோல் ஸ்டிவன் மெண்டோசா அடித்தது.

டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியது. அவ்ளோதான்னு நினைக்கும்போதே, 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சேம்சைடு கோலால் ஆட்டம் சமன். அடுத்த இரண்டே நிமிடத்தில் மெண்டோசா அடித்தார் பாருங்க, ஒரு கோல்! 3-2. சென்னைக்கு முதல் ஐ.எஸ்.எல் கோப்பை.

அந்த சீசனில் மட்டும் 13 கோல். கோல்டன் பூட்டும் அவருக்கே. பிறகு பிரான்ஸ், பிரேசில் கிளப்களுக்குப் போய்விட்டார். சென்னை 2018-ல் மறுபடியும் கோப்பை வென்றது. ஆனாலும், துவண்டு கிடந்த ஊருக்குக் கொண்டாட ஒரு காரணம் கொடுத்தது அந்தக் கடைசி நிமிட கோல்தான்!