மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: வல்வெட்டித்துறை எரிபொருள் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

வல்வெட்டித்துறையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடலையே நோக்கியுள்ளனர். அது பொருத்தமானதே. இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய சாதனையின் முன்னே தெருவில் ஓடிய பழைய கார் ஒன்றின் கதை எடுபடாமற் போவதில் வியப்பில்லை. எனினும் 1990ஆம் ஆண்டு முதல் 1996ஆம் ஆண்டு வரை வடமராட்சித் தெருக்களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள், தொழில்நுட்ப வரலாற்று நோக்கில் ஆராயத்தக்க ஒரு பொருளாகும். எரிபொருளை எங்கே, எவ்வாறு வைப்பது, அதன் ஆபத்தை யார் கணிப்பது, செலவை யார் ஏற்பது என்னும் வினாக்கள் அவற்றினூடே எழுகின்றன.

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதை அடுத்து வடபகுதிக்குப் பெற்றோல் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது. குடாநாட்டின் மின்விநியோகமும் அற்றுப்போயிற்று. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே எஞ்சியது. வீட்டு விளக்கு, தோட்டத்து நீர் இறைப்பு இயந்திரம், கடற்றொழிற் படகு ஆகிய அனைத்தும் அதனையே வேண்டிநின்றன. ஜாம் போத்தலுள் சிறிது பஞ்சையும் திரியையும் வைத்து மாணவர் படித்த காலம் அது. அந்த விளக்கின் எண்ணெயையே காரும் குடித்தது என்பதை மறந்து இதனைப் புத்திசாதுரியத்தின் வெற்றிக்கதையாக மாத்திரம் கூறுவது நேர்மையாகாது.

மண்ணெண்ணெயில் எந்தக் காரும் ஓடிவிடாது. குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாவதில்லை. அழுத்தம் மிகுந்த எஞ்சினிலோ உரிய கணத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும். யாழ்ப்பாணத்தார் பேணிக் காத்துவந்த ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்களுட் பல, ஏழுக்கு ஒன்று என்பதை ஒட்டிய தாழ்ந்த அழுத்த விகிதங் கொண்டவை. பிற்காலத்துப் புதிய கார்கள் முற்றத்திற் கிடக்க, நாற்பது ஆண்டு பழைமையான இவை ஓடியமைக்குக் காரணம் இதுவே. பழைமையைப் போற்றும் யாழ்ப்பாணத்துச் சிக்கனத்தை நகையாடியோர் அக்காலத்தில் அதே கார்களில் இடந்தேடி நின்றனர்.

ஆயினும் முதலில் எஞ்சினைச் சூடாக்கப் பெற்றோல் வேண்டும். இந்த முறை புதிதன்று. 1940களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உற்பத்தியான பேர்குசன் உழவு இயந்திரங்களின் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயிலேயே வேலை செய்தது. அதன் தாங்கியில் பெற்றோலுக்கு ஒரு சிற்றறையும் எண்ணெய்க்கு ஒரு பேரறையும் இருந்தன. பெற்றோலில் முடுக்கிச் சூடானதும் எண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பினால் அடுத்தமுறை முடுக்குவது எளிது. குடாநாட்டுத் தோட்டக்காரர் தம் நீர் இறைப்பு இயந்திரங்களிலும், கடற்றொழிலாளர் வெளியிணைப்பு மோட்டார்களிலும் இதே ஒழுங்கை நன்கு அறிந்திருந்தனர். வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊரில் இவ்வறிவு கடலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் கராச்சினுள் வந்து சேர்ந்தது எனக் கொள்வது பொருந்தும்.

காரிலோ சிற்றறை இல்லை. ஆகவே சிறு போத்தலொன்றிற் பெற்றோலை எடுத்து, காபரேற்றருக்குள் நேரே விட்டோ, மெல்லிய குழாய்மூலம் சொட்டச்செய்தோ எஞ்சினை முடுக்கினர். ஆபத்தின் இருப்பிடம் இங்கேதான் மாறுகிறது. பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகை செல்சியசிலும் தீப்பற்றவல்லது. மண்ணெண்ணெய்க்கோ 38 பாகையளவேனும் வேண்டும். எனவே காரின் பின்புறத்தில் மண்ணெண்ணெய் நிரம்பிய தாங்கி, முன்பு பெற்றோல் இருந்த காலத்தைவிடத் தீ அபாயம் குறைந்ததாயிற்று. முன்புறத்திலோ நிலைமை நேர்மாறு. மொறிஸ் மைனரில் காபரேற்றரும் கொதிக்கும் புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் உள்ளன. அந்த இடத்திற் பெற்றோற் போத்தலைக் கையாள்வது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. தாங்கியிலிருந்து நீங்கிய ஆபத்து ஒரு போத்தலளவாகச் சுருங்கி, நெருப்பின் அருகே வந்து அமர்ந்தது.

இதனை உலகின் பிறிதொரு மூலையில் நிகழ்ந்ததோடு ஒப்பிடுதல் பயனுடையது. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டளவில் கலிபோர்ணியாவிற் தோன்றிய குறுங்கார் ஓட்டப்பந்தயம், சிறு மூலதனத்துடன் ஆர்வலர் பலர் ஈடுபட்ட ஒரு விளையாட்டு. அந்நாட்டின் பந்தய விதிகளை உலுக்கிய நிகழ்ச்சி 1964 மே 30இல் இண்டியானாபொலிசில் நேர்ந்தது. இரண்டாவது சுற்றிலேயே கார்கள் மோதிப் பெற்றோல் தீப்பிடித்தமையால் டேவ் மக்டொனால்ட், எடி சாக்ஸ் என்னும் இரு சாரதிகள் உயிரிழந்தனர். அதன்பின் அப்பந்தயத்தார் பெற்றோலை விடுத்து மெதனோலை நாடினர். தாங்கியினுள் கிழியாத ரப்பர்ப் பை வைக்கும் முறையும் பரவலாயிற்று. உலகக் கிண்ணப் போர்முலா பந்தயங்களில் 1970 முதல் அது கட்டாயமானது. சர்வதேச விதிப்படி அத்தகைய பையொன்றின் ஆயுள் ஐந்து ஆண்டு. சோதித்து உறுதிசெய்தால் மேலும் இரண்டு ஆண்டு. வெளிப்பார்வைக்கு நன்றாயுள்ள பையைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவது, ஓய்வுநேரத்திற் பந்தயம் ஓடுபவனுக்குப் பெருஞ்சுமை. காப்பு விதியைப் பெரிய அணி செலவுக் கணக்கில் எழுதிவிடும். சிறியவன் அவ்வாண்டு ஓடாமலே விடவுங்கூடும்.

அங்கே அச்சம் எரிபொருளை மாற்றியது. இங்கே பஞ்சம் மாற்றியது. அங்கே பல்லாயிரவர் கண்முன் நிகழ்ந்த தீயிலிருந்து எழுத்து விதி பிறந்தது. வடமராட்சியில் போத்தலுக்கு விதி வகுக்க எவருமிலர். வகுத்திருப்பின் அதற்கமைந்த பொருளை வாங்க இடமுமில்லை. காப்பும் செலவும் ஒரே மனிதனின் கையிற் கிடந்தன. போத்தற் கணக்கில், கொழும்பு விலையின் பன்மடங்குக்கு விற்கப்பட்ட பெற்றோலை அவன் துளித்துளியாகவே செலவிட்டான். நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றினால் மறுமுறை எஞ்சின் உடனே முடுங்கும்; மாற்றாவிடின் சிறிது பெற்றோல் மிஞ்சும். பகலில் இது வெறுங் கணக்கு. நள்ளிரவில் பிரசவ வேதனையிலுள்ள பெண்ணொருத்தியை மந்திகை வைத்தியசாலைக்கு ஏற்றவேண்டியபோது அது வேறொன்று. அவசரத்திற் சூடான எஞ்சின்மேல் கூடுதலாக ஊற்றிய பெற்றோலே தீக்கு வழி. ஆகவே சிக்கனம் இங்கே ஓரளவு காப்பாகவும் அமைந்தது என்பது என் கருத்து. ஆயின் அதனைப் பாதுகாப்பு முறை என்று பெயரிட்டு உயர்த்த நான் விரும்பவில்லை.

இன்னொரு செலவு மெதுவாகவே வெளிப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர்வழியே கசிந்து அடியிலுள்ள எஞ்சின் எண்ணெயை நீர்ப்பிக்கும். பிளக்கில் கரி படியும். பிஸ்ரனும் வளையங்களும் விரைவிற் தேயும். காரின் பின்னே எழுந்த கரும்புகை இதன் அடையாளம். வாடகைக்கு ஓடியவர் அன்றன்று பெற்ற கூலியில் எஞ்சினின் ஆயுளையும் சேர்த்தே விற்றுக்கொண்டிருந்தனர்.

1996 மே மாதத்தில் வடமராட்சி இராணுவத்தின் கட்டுப்பாட்டுள் வந்தபின், பெற்றோல் கடல்வழியாக அளவோடு கிடைக்கத் தொடங்கிற்று. 2002இல் ஏ 9 பாதை திறக்கப்பட்டதும் தரைவழியே வந்தது. போத்தல் பொன்னற்றின் கீழிருந்து நீங்கிற்று. மீண்டும் பெற்றோல் நிரப்புமுன் தாங்கியைக் கழற்றிக் கழுவி, எஞ்சினைப் பிரித்துப் புது வளையம் இட வேண்டியிருந்தது. ஆறாண்டு மண்ணெண்ணெயின் உண்மையான விலையைச் சொந்தக்காரர் பலர் அப்போதுதான் கராச்சில் எண்ணிக் கொடுத்தனர்.