வீட்டுக்கே வரும் பால்வினைநோய்ப் பரிசோதனை: சட்டம் எதைக் காக்கிறது?

இணையத்தில் பதிவு செய்தால் ஆய்வகப் பணியாளர் வீட்டுக்கே வருகிறார். எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தமும் கொனோரியா, கிளமிடியாவுக்குப் பெரும்பாலும் சிறுநீரும் பெற்றுச் செல்கிறார். முடிவு கைப்பேசிக்கு வருகிறது. 'வீடு' என்றால் தனியறை உண்டு என்பது இவ்விளம்பரங்களின் எண்ணம். குடும்பமே ஓர் அறையில் வாழும் சேரியிலும், காப்பாளரைக் கடந்தே எவரும் நுழையக்கூடிய மாணவர் விடுதியிலும் அந்த மறைவு ஏது?

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 இங்கு முதன்மையானது. விவரமறிந்த ஒப்புதலின்றி எச்.ஐ.வி. பரிசோதனை கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குவதும் அவ்வொப்புதலில் அடங்கும். செயலியில் 'சம்மதம்' என்னும் கட்டத்தைத் தொடுவது அதற்கு ஈடாகாது என்பதே என் கருத்து. வேலைக்கு முன்நிபந்தனையாக இப்பரிசோதனையைக் கோருவதை 3ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் அதே அறிக்கையின் அடுத்த வரியிலுள்ள சிபிலிஸ் முடிவுக்கு இச்சட்டத்தின் காப்பு இல்லை. அதற்கு, அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு போன்ற பொதுவான ஆதாரங்களையே நாட வேண்டும்.

எச்.ஐ.வி. விரைவுச் சோதனையில் 90 நாட்கள் வரை தொற்று புலப்படாமல் போகலாம். எனவே அவசரத்தில் பெற்ற 'இல்லை' என்ற முடிவை இறுதியானதாகக் கொள்ளலாகாது. இதை எடுத்துச்சொல்லவே ஆலோசகர் தேவை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். கட்டணமில்லா உதவி எண் 1097.